பித்தளைக் குழாய் முனையை அனீல் செய்ய வீட்டிலேயே ஒரு மெஷின்: மலையில் செய்பவருக்கு

கோத்தகிரியில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்கு நாஸில் பிடிக்கும் குட்டைப் பித்தளைத் துண்டுகள் செய்கிறார். 8 மில்லி வெளிவிட்டம், 1 மில்லி சுவர், 75 மில்லி நீளம். ஒரு முனையில் மரை, மறுமுனையை ஃபிளேர் செய்து விரிக்க வேண்டும். விரிக்கும்போதே நிறையத் துண்டுகள் பிளந்துவிடுகின்றன. நன்றாக விரிந்தவற்றிலும் சில, தோட்டத்து ஷெட்டில் கிடந்து மாதக் கணக்கில் கழித்து வெடித்துத் திரும்பி வருகின்றன. அமெரிக்காவில் துப்பாக்கி சுடுபவர்கள் தோட்டாக் கூடுகளின் கழுத்தை மட்டும் சூடாக்கி இளக்க (இதைத்தான் அனீல் என்கிறோம்) வீட்டிலேயே மெஷின் கட்டுவதை வீடியோவில் பார்த்திருக்கிறார். அதையே தன் வேலைக்குச் செய்யலாமா என்று கேட்கிறார்.

தாராளமாகச் செய்யலாம். ஆனால் உங்களுக்கு இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. விரிக்கும்போது பிளப்பதை அந்த மெஷின் தீர்க்கும். ஷெட்டில் வெடிப்பதை அது தீர்க்காது, அதற்கு வேறொரு சூடு வேண்டும். இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மெஷினைச் சோதிக்கப் பழைய இரும்புக் கடையில் காலித் தோட்டாக் கூடு கிடைத்தால் வாங்கிவிடாதீர்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் தோட்டா வகைகள் (அம்யூனிஷன்) என்பதற்கான விளக்கத்திலேயே அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும் அடங்கும். அருவங்காட்டில் நூறு வருஷத்துக்கு மேலாக கார்டைட் (தோட்டாவுக்கான வெடிமருந்து) பேக்டரி இருப்பதால் நம் மலையில் இந்தப் பேச்சு சகஜம்தான். ஆனால் உரிமம் இல்லாதவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். உங்கள் குழாய்த் துண்டே சோதனைக்குப் போதும். வீடியோவிலிருந்து யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த யோசனை ஏன் உங்களுக்குப் பொருந்துகிறது என்றால், தோட்டாக் கூட்டுக்கும் உங்கள் துண்டுக்கும் தேவை ஒன்றுதான். கூட்டின் கழுத்து ஒவ்வொரு முறை சுடும்போதும் விரிந்து, திரும்ப அழுத்தப்பட்டு, இறுகிப்போய் ஒருநாள் கீறல் விடும். அதனால் கழுத்தை இளக்க வேண்டும். ஆனால் வெடியின் அழுத்தத்தைத் தாங்குவது அடிப்பகுதி. அது இளகிவிட்டால் சுடுபவர் முகத்துக்கே ஆபத்து. ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாகத் தெரியும் கறை, தொழிற்சாலையில் அந்தப் பகுதிக்கு மட்டும் சூடு காட்டிய அடையாளம்தான். உங்கள் துண்டிலும் விரிக்கும் முனை இளக வேண்டும், மரை உள்ள முனை கெட்டியாகவே இருக்க வேண்டும். மரை இளகினால் இரண்டு தடவை இறுக்கியதும் வழுக்கிவிடும்.

குழாயாக இழுக்கும்போதே பித்தளை இறுகிவிடுகிறது. நன்றாக இறுகிய பித்தளை, கெட்டித்தன்மையைச் சொல்லும் விக்கர்ஸ் அளவில் 150க்கு மேல் போகும், முழுதாக அனீல் ஆனது 60, 70 என்று இறங்கிவிடும். இந்த மாற்றம் சூட்டை மட்டுமல்ல, நேரத்தையும் பொறுத்தது. ஒரு மணி நேரம் வைக்க முடிந்தால் குறைந்த சூடே போதும். சில நொடிகளில் முடிய வேண்டுமென்றால் 550 டிகிரி செல்சியஸுக்குப் பக்கம் போக வேண்டும். அதற்கு மேலே ஏற்றுவதால் லாபம் இல்லை. உள்ளே படிக மணிகள் பெரிதாகி, விரிக்கும்போது மேற்பரப்பு சொரசொரவென்று ஆரஞ்சுத் தோல்போல் ஆகிவிடும். 70க்கு 30 பித்தளை (செம்பு 70, துத்தநாகம் 30) 915 டிகிரியில் உருகத் தொடங்கும், அதிலுள்ள துத்தநாகமோ 907இலேயே கொதிக்கும். வெள்ளைப் புகை கிளம்பினால் அது துத்தநாகப் புகை. அதைச் சுவாசித்தால் அன்றைக்கு ராத்திரியே குளிரும் காய்ச்சலும் வரும்.

இரும்பில் பழகிய கை ஒன்றை மறந்துவிடக் கூடாது. பித்தளையைச் சூடாக்கித் தண்ணீரில் போட்டால் அது கெட்டியாகாது. மெதுவாக ஆறவைத்தால் அதிகம் இளகும் என்பதும் இல்லை. இங்கே தண்ணீருக்கு ஒரே வேலைதான், சூடு மரைப் பக்கம் ஓடாமல் அங்கேயே நிறுத்துவது.

இந்த ஓட்டத்தைப் புரிந்துகொண்டால் பாதி மெஷின் முடிந்த மாதிரி. பித்தளையில் சூடு சாதாரண எஃகைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தப்படுகிறது. முனையில் சுடர் பட்ட 8 நொடியில் சூடு சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் கனமாக உள்ளே போயிருக்கும். நேரம் நாலு மடங்கானால் தூரம் இரண்டு மடங்காகும். மெல்லிய சுடரில் அரை நிமிஷம் காட்டினால் முனை இளகுவதற்குள் துண்டு முழுக்கக் கொதித்துவிடும். அதனால் சுடர் பலமாகவும் நேரம் குறைவாகவும் இருக்க வேண்டும், முடிந்த நொடியே தண்ணீரில் விழ வேண்டும். கையால் கேஸ் டார்ச் பிடித்தும் இதைச் செய்யலாம். ஐம்பதாவது துண்டில் கை அலுத்து, ஒன்றுக்கு 6 நொடி, ஒன்றுக்கு 11 நொடி என்று ஆகிவிடும். எல்லாத் துண்டுக்கும் ஒரே இடத்தில், ஒரே சுடரில், ஒரே நேரம் கிடைக்கச் செய்வதுதான் மெஷினின் வேலை.

கட்டும் விதங்கள் பல. உங்களுக்கு வட்டத் தகடுதான் சரி. 3 மில்லி எம்எஸ் (சாதாரண எஃகு) தகட்டில் 20 சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, விளிம்பை ஒட்டி 8.5 மில்லித் துளைகள் போடுங்கள். அதற்குக் கீழே, துண்டு நிற்கும் உயரத்துக்கு இடைவெளி விட்டு, அசையாத இன்னொரு தகடு. மரை முனை கீழ்த்தகட்டில் நிற்கும், விரிக்கும் முனை மேல்தகட்டுக்கு மேலே 25 மில்லி நீட்டிக்கொண்டிருக்கும். கீழ்த்தகட்டில் ஓரிடத்தில் மட்டும் ஒரு பெரிய ஓட்டை, அதன் அடியில் தண்ணீர் வாளி. மேல்தகடு சுற்றும்போது துண்டு கீழ்த்தகட்டில் உரசியபடி போய், சுடருக்கு நடுவில் நின்று, அடுத்த நகர்வில் ஓட்டைக்கு வந்து தானாக விழுந்துவிடும். துளை கொஞ்சம் தளர்வாக இருந்தால் உரசலில் துண்டு தானும் லேசாகச் சுழலும், அது நல்லதுதான். சுழலும் தகட்டை அலுமினியத்தில் செய்யாதீர்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், உங்கள் சுடருக்கு அது ரொம்பப் பக்கம்.

மோட்டாருக்கு நெமா 17 ஸ்டெப்பரும் (சின்னச் சின்ன ஸ்டெப்பாக எண்ணி நகரும் மோட்டார்), அதற்கு உத்தரவிட ஒரு ஆர்டுயினோ சர்க்யூட் போர்டும் போதும். நகர், நில், 8 நொடி காத்திரு, மறுபடி நகர். இதில் துளைகளின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 12 துளை போட்டால் அழகாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்த மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். 200ஐ 12ஆல் வகுத்தால் முழு எண் வராது, ஒவ்வொரு ஸ்டெப்பையும் 16ஆகப் பிரித்து மைக்ரோஸ்டெப்பில் ஓட்டினாலும் 3200ஐ 12 வகுக்காது. ஒவ்வொரு நகர்விலும் விட்டுப்போகும் பின்னம் சேர்ந்து, கொஞ்ச நேரத்தில் துண்டு சுடரின் நடுவை விட்டு விலகி நிற்கும். 10 துளை போடுங்கள், நகர்வுக்குச் சரியாக 20 ஸ்டெப் வரும். அல்லது 8 துளை, 25 ஸ்டெப்.

மைக்ரோவேவ் ஓவனில் தட்டைச் சுற்றும் மோட்டாரைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது கரண்டின் அலைவெண்ணைப் பிடித்து ஓடுவது, அதனால் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் வேகம் மாறாது. நம் ஊர் லைனுக்கு அது பெரிய சௌகரியம். ஆனால் அந்த வகை மோட்டார்களில் பல, ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் எந்தப் பக்கம் சுற்றும் என்று சொல்ல முடியாது. துண்டு ஏற்றும் பக்கமும் விழும் பக்கமும் மாறிவிட்டால் கஷ்டம். சாதாரண டிசி கியர் மோட்டார் வேண்டவே வேண்டாம், வோல்டேஜ் இறங்கினால் வேகமும் இறங்கும், துண்டு வேகும்.

இப்போது சொல்வது வீடியோக்களில் அநேகமாக இருக்காது, மலையில் இருக்கும் நமக்கு இதுதான் முக்கியம். கரண்ட் போனால் என்ன ஆகும்? தகடு நின்றுவிடும், சுடர் நிற்காது. சுடருக்கு நடுவில் மாட்டிய துண்டு சிவந்து, வெளுத்து, புகைய ஆரம்பிக்கும். ஆகவே கேஸ் லைனில் ஒரு சோலினாய்டு வால்வு போடுங்கள், கரண்ட் இருந்தால்தான் திறக்கும் வகை. மோட்டார் ஓடும் அதே லைனில் அது இருக்கட்டும். ஆனால் இத்துடன் விட்டால் ஆபத்து இரட்டிப்பாகும். கரண்ட் திரும்பி வந்ததும் வால்வு தானாகத் திறந்து, பற்றவைக்காத கேஸ் அறையெல்லாம் பரவும். எனவே லேத்துக்குப் போடுவதுபோல ஸ்டார்ட் பட்டன் அழுத்தினால்தான் பிடிக்கும் கான்டாக்டர் வழியாக அந்த வால்வுக்குக் கரண்ட் போகட்டும். கரண்ட் ஒருமுறை போனால், ஆள் வந்து பட்டனை அழுத்திப் பற்றவைக்கும் வரை கேஸ் வரக் கூடாது. செலவைக் குறைக்க நினைத்து இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பட்டறை ஒரு படியில், அதற்குக் கீழ்ப்படியில் ஒரு வீடு என்றுதான் கட்டுகிறோம். கசியும் கேஸ் படிக்கட்டில் இறங்கி அடுத்த வீட்டு அடுப்படிக்கே போகலாம். சிலிண்டர் பட்டறைக்கு வெளியே, தாழ்வான இடமும் சாக்கடையும் இல்லாத பக்கத்தில் இருக்கட்டும். வீட்டு சிலிண்டர் இதற்குக் கூடாது, 19 கிலோ கமர்ஷியல்தான் வாங்க வேண்டும். குளிருக்காக ஜன்னலை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள். காற்றில் சுடர் ஆடாமல் இருக்கச் சுற்றிலும் தகடு மறைப்பு வையுங்கள், அறைக்குக் காற்று வரும் வழியை மட்டும் அடைக்க வேண்டாம்.

அடுத்து சுடர். யாரோ ஒருவர் வீடியோவில் "6 நொடி" என்று சொன்னால் அது அவருடைய ஊர், அவருடைய பர்னர், அவருடைய துண்டு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நாலு பங்குதான். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே இன்னும் குறைவு. கொடைக்கானலும் ஏறக்குறைய அப்படித்தான். கோயம்புத்தூரில் நீலமாக நின்ற பர்னர் இங்கே வந்தால் நுனி மஞ்சளாகலாம், சூடும் மாறும். காற்று வளையத்தைத் திறந்து, உள்கூம்பு கூர்மையாகவும் நீலமாகவும் வரும்வரை சரிசெய்யுங்கள். துண்டு அந்த உள்கூம்பின் நுனிக்குச் சற்று வெளியே நிற்க வேண்டும். எதிரெதிராக இரண்டு பர்னர் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் வேகாது.

அப்புறம் குளிர். எல்பிஜி என்பது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், பியூட்டேனுக்கோ சுமார் மைனஸ் அரை டிகிரி வேண்டும். மார்கழிப் பனியில் விடியற்காலை வெளியே நிற்கும் சிலிண்டரில் பியூட்டேனுக்கு அழுத்தமே இராது. அதிலும் கேஸ் எடுக்க எடுக்க சிலிண்டர் தானே குளிரும், உடம்பில் நீர் கோத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காலை 7 மணிக்கு வைத்த செட்டிங் 11 மணிக்கு அதே சூட்டைத் தராது. வெயில் ஏறிய பின் வேலையைத் தொடங்குங்கள். ரெகுலேட்டரைக் குறைந்த அழுத்தத்தில் வைத்து, அதற்கேற்ப ஜெட்டைத் தேர்ந்தெடுங்கள், அப்போதுதான் சிலிண்டர் அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் சுடர் அசையாது. சிலிண்டருக்குச் சூடு காட்டும் எந்த யோசனையும் வேண்டாம்.

நொடியைக் கண்டுபிடிப்பதற்கு முன் மெஷினை வெறுமனே பத்து நிமிஷம் ஓட்டுங்கள், தகடு சூடாகி ஒரு நிலைக்கு வரட்டும். பிறகு 4 நொடியில் மூன்று துண்டு, 5 நொடியில் மூன்று, 6 நொடியில் மூன்று என்று 12 வரை போய், ஒவ்வொன்றிலும் நொடியை எழுதிவையுங்கள். எல்லாவற்றையும் ஒரே கூம்பில் ஒரே அளவுக்கு விரியுங்கள். குறைந்த நொடியில் உள்ளவை பிளக்கும், அதிக நொடியில் உள்ளவை சொரசொரக்கும். நடுவில் ஒரு பகுதி வழவழப்பாக, பிளவில்லாமல் விரியும். அந்தப் பகுதியின் தொடக்கத்திலிருந்து ஒரு நொடி மட்டும் தள்ளி வையுங்கள். அதே துண்டின் மரை முனையை வைஸில் லேசாக நெருக்கி, சூடு காட்டாத துண்டோடு ஒப்பிடுங்கள். அது சுலபமாகச் சப்பினால் சூடு அங்கேயும் போயிருக்கிறது, சுடரைப் பலமாக்கி நேரத்தைக் குறைக்க வேண்டும்.

கண்ணால் பார்ப்பதும் உதவும். பட்டறையை இருட்டாக்கினால், 525 டிகிரியைத் தாண்டும்போது முனையில் மங்கலான சிவப்பு தெரியத் தொடங்கும். வெளிச்சத்தில் சிவப்பு தெரிந்தால் ஏற்கெனவே அதிகமாகிவிட்டது. வெல்டிங் சாமான் கடையில் குறிப்பிட்ட சூட்டில் உருகும் டெம்பரேச்சர் சாக்பீஸ் கிடைக்கும், அதில் ஒன்றை மரைப் பக்கம் 250 டிகிரிக்குத் தடவிப் பாருங்கள். இன்ஃப்ராரெட் கன்னை நம்பாதீர்கள். பளபளக்கும் பித்தளை கதிர்வீச்சு மிகக் குறைவாக விடும், காட்டும் எண் உண்மையைவிட ரொம்பக் கீழே நிற்கும்.

எத்தனை நொடி கொடுத்தும் பிளக்கிறதா? அப்போது மூலப்பொருளைப் பாருங்கள். லேத் வேலைக்கு வரும் பித்தளைக் கம்பியில் ஈயம் கலந்திருக்கும், 60க்கு 40 கலவையாகவும் இருக்கும். அதைக் குடைந்து செய்த துண்டு அனீல் செய்தாலும் சரியாக விரியாது. 63க்கு 37 அல்லது 70க்கு 30 என்று கேட்டு, இழுத்த குழாயாக வாங்குங்கள்.

இண்டக்‌ஷனில் (சுடர் இல்லாமல், மின்காயிலுக்குள் வைத்துச் சூடாக்குவது) செய்யலாமா என்ற கேள்வி வரும். காற்று, குளிர், உயரம் எதுவும் அதைப் பாதிக்காது. ஒரே அளவுத் துண்டை ஆயிரக்கணக்கில் செய்வதாக இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் 48 வோல்ட் சப்ளை, காயிலுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி என்று செலவு ஏறும், அளவு மாறினால் காயிலையும் மாற்ற வேண்டும். முதல் மெஷினுக்கு கேஸ் போதும். உருக்கிய நைட்ரேட் உப்பில் முக்கும் முறையையும் பார்த்திருப்பீர்கள். மூடுபனியில் நனைந்த துண்டை 500 டிகிரி உப்பில் விட்டால் வெடித்துத் தெறிக்கும். அந்த முறை நம் மலைக்கு வேண்டாம்.

இனி இரண்டாவது கோளாறு. இதன் பழைய கதையும் தோட்டாவில்தான் தொடங்குகிறது, அதுவும் நம் நாட்டில். பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் பித்தளைத் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை முடிந்து எடுத்தபோது பலவற்றில் கீறல் விட்டிருந்தது. யாரும் தொடவில்லை, சுடவில்லை. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோரின் ஆய்வு காரணத்தைத் தெளிவாக்கியது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, ஈரம், இழுத்துச் செய்த பித்தளைக்குள் மிச்சமிருக்கும் இறுக்கம், இந்த மூன்றும் சேர்ந்தால் பித்தளை தானாகவே பிளக்கும். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் பிளக்காது.

உங்கள் துண்டுகள் போகும் இடத்தைப் பாருங்கள். கேரட், உருளைக்கிழங்குத் தோட்டம். ஸ்பிரேயர் தொங்கும் அதே ஷெட்டில் ஒரு மூலையில் யூரியா மூட்டை, இன்னொரு மூலையில் சமவெளியிலிருந்து லாரியில் வந்த கோழி எரு. உள்ளே போனதும் மூக்கில் ஏறுவது அமோனியாதான். வருஷத்தில் பாதி நாள் சுவரெல்லாம் ஈரம். ராணுவ லாயத்தில் இருந்தது அத்தனையும் அங்கே இருக்கிறது. விவசாயியிடம் எருவை வெளியே வை என்று சொல்ல முடியாது, மழையையும் நிறுத்த முடியாது. நம் கையில் இருப்பது மூன்றாவது மட்டும்தான், உள்ளே இருக்கும் இறுக்கம்.

முதல் அனீல் இதற்குப் போதாது என்று சொன்னது இதனால்தான். நீங்கள் முனையை இளக்குகிறீர்கள், பிறகு குளிர்ந்த நிலையில் விரிக்கிறீர்கள். விரிப்பதே புது இறுக்கத்தை உள்ளே ஏற்றிவிடுகிறது. மரை வெட்டிய இடமும் நடுப்பகுதியும் குழாய் இழுத்தபோது வந்த இறுக்கத்தோடு அப்படியே இருக்கின்றன. அதனால் விரிப்பது, மரை போடுவது எல்லாம் முடிந்த பிறகு, முழுத் துண்டையும் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள். அந்தச் சூட்டில் உள்ளிறுக்கம் பெரும்பாலும் தளர்ந்துவிடும், ஆனால் மரையின் கெட்டித்தன்மை போகாது. கேக் சுடும் ஓடிஜி ஓவனே 250 வரை போகும். உள்ளே தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், முகப்பில் உள்ள திருகு காட்டுவதை நம்ப வேண்டாம். துண்டுகளைக் குவிக்காமல் பரப்பி, உள்ளே 250 வந்த பிறகு மணியைக் கணக்கிடுங்கள். பட்டறைக்குப் போன ஓவன் பிறகு சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

சூட்டில் வந்த கறுப்பைப் போக்கப் புளித்தண்ணீர் போதும், நிறைய இருந்தால் சிட்ரிக் ஆசிட் கரைசல். அமோனியா கலந்த பித்தளை பாலிஷைத் தொடவே தொடாதீர்கள், தப்பிக்க நினைத்ததை நாமே தடவுகிற மாதிரி ஆகிவிடும். நன்றாகக் கழுவி, காயவைத்து, பிறகு பெட்டியில் போடுங்கள்.

வெடிக்குமா வெடிக்காதா என்று மாதக் கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. அமோனியா ஆவியில் பித்தளையைச் சோதிப்பதற்கு ஐஎஸ்ஓ 6957 என்று ஒரு தரமுறையே உண்டு. பட்டறை அளவுக்கு அதைச் சுருக்கிச் செய்யலாம். அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடியின் அடியில் அமோனியாக் கரைசல் கொஞ்சம் ஊற்றி, கரைசலில் படாமல் நூலில் துண்டுகளைத் தொங்கவிட்டு மூடுங்கள். ஓவனில் வைத்தது மூன்று, வைக்காதது மூன்று. ஜாடி வெளித் திண்ணையில் இருக்கட்டும், திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். ஒருநாள் முழுக்க விட்டு எடுத்து, சிட்ரிக் கரைசலில் நீலக்கறையைக் கழுவி, விரித்த விளிம்பையும் மரையின் முதல் பள்ளத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓவனில் வைக்காதவற்றில் முடிபோல் கீறல் ஓடியிருந்தால் சோதனை சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஓவனில் வைத்தவற்றிலும் கீறல் இருந்தால் நேரத்தை இன்னொரு அரை மணி கூட்டி மறுபடி சோதியுங்கள். குழாய் வாங்கும் இடம் மாறினால் நொடிக் கணக்கையும் ஜாடிச் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், ஒரே அளவுக் குழாய் என்றாலும் இழுப்பு ஒரே மாதிரி இருக்காது.